கழிவுநீர் தெளிந்த பிறகு அழுக்கு எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: ஒரு நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தெளிந்த நீராக ஆற்றில் விடுகிறார்கள். அதிலிருந்த அழுக்கெல்லாம் எங்கே போகிறது? அதை எருவாக வயலில் போடலாமா? பெரும் பணம் போட்டுக் கட்டிய நிலையங்கள்கூடச் சில ஆண்டுகளில் கலங்கிய நீரை விடத் தொடங்குவது ஏன்?

மூன்றாகக் கேட்டிருந்தாலும் மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: கசடு, அதாவது நீரிலிருந்து பிரிந்து அடியில் படியும் சேறு. சுத்திகரிப்பு நிலையம் என்றதும் எல்லோர் கண்ணும் தண்ணீர் மேலேயே இருக்கிறது. நிலையத்தின் அளவைச் சொல்லும்போதுகூட ஒரு நாளைக்கு இத்தனை லட்சம் லிட்டர் என்றுதான் சொல்வார்கள். இத்தனை டன் கசடு என்று சொல்லி நான் கேட்டது அபூர்வம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. கசட்டை ஒழுங்காக வெளியேற்றாத நிலையத்தால் தண்ணீரையும் ஒழுங்காகச் சுத்தம் செய்ய முடியாது.

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் சுமார் 99.9 சதவீதம் தண்ணீர்தான். மீதமுள்ள மிகச் சிறிய பங்குக்காகத்தான் இவ்வளவு தொட்டிகளும் மோட்டார்களும். முதலில் சல்லடையில் துணி, பிளாஸ்டிக் போன்றவை நிற்கும். அடுத்த தொட்டியில் மணல் படியும். அதன் பிறகு முதல்நிலைப் படிவுத் தொட்டி. இங்கே நீர் சுமார் இரண்டு மணி நேரம் மெதுவாக நகர்கிறது. மிதந்து வரும் திடப்பொருளில் பாதிக்கும் மேல் தானாகவே அடியில் படிந்துவிடும். பி.ஓ.டி. எனப்படும் சுமையில், அதாவது நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கேயே குறையும். மின்சாரமே அதிகம் தேவைப்படாத வேலை இது. அடியில் சேர்வது முதல்நிலைக் கசடு. நாற்றம் அதிகம், கிருமியும் அதிகம்.

கரைந்திருக்கும் அழுக்கு அப்படிப் படியாது. அதை நுண்ணுயிர்கள்தான் தின்ன வேண்டும். 1914-இல் மான்செஸ்டர் நகரின் டேவிஹுல்ம் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய முறைக்கு அடிப்படை. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால் அது சுத்தமாகும் என்பது முன்பே தெரியும். ஆனால் அதற்கு வாரக் கணக்கில் காலம் பிடித்தது. இவர்கள், தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு அடியில் தங்கிய கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சில மணி நேரமே போதும் என்றானது. கசட்டில் உயிரோடு இருந்த நுண்ணுயிர்க் கூட்டம்தான் காரணம். அடுத்த விளைச்சலுக்கு விதைநெல்லை எடுத்து வைப்பது போல, கசட்டின் ஒரு பங்கைத் திரும்பக் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவது இன்றும் நடக்கிறது.

சரி, அந்த நுண்ணுயிர்கள் தின்றதெல்லாம் என்ன ஆகிறது? ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். அது உண்மையிலேயே அழிந்த அழுக்கு. மீதி, நுண்ணுயிர்களின் உடலாகவே மாறிவிடும். அவை பெருகும், பெருகியவை இரண்டாம் நிலைத் தெளிவுத் தொட்டியில் படியும். நீக்கப்பட்ட ஒவ்வொரு கிலோ பி.ஓ.டி.க்கும் அரைக் கிலோவை ஒட்டிய அளவில் புதுக் கசடு உருவாகிறது. நிலையத்தின் வடிவமைப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் பூஜ்யம் ஆகவே ஆகாது. கசடே வராத நிலையம் என்று யாராவது விற்க வந்தால், திடப்பொருள் எந்த வழியாக வெளியே போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் தெளிந்ததாகச் சொல்லப்படும் நீரோடுதான் போய்க்கொண்டிருக்கும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடையும் இதுதான். காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்த் திரள் லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மி.கி. வரை இருப்பது வழக்கமான நிலை. தினமும் பெருகும் அளவுக்கு ஈடாக ஒரு பங்கை ஆபரேட்டர் வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுப்பது தவறினால் திரள் ஏறும். அதற்கு ஏற்ப ஆக்சிஜன் தேவையும் ஏறும். காற்றை ஊதும் ப்ளோயர்கள் முழு வேகத்தில் ஓடினாலும் போதாது. தெளிவுத் தொட்டியில் கசட்டுப் படலம் நாளுக்கு நாள் மேலே வரும். கடைசியில் ஒரு மழை நாளிலோ, காலையில் நகரமே குளிக்கும் நேரத்திலோ நீரோட்டம் கூடும்போது படலம் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும். பல வாரங்களாகச் சேர்த்த அழுக்கு சில மணி நேரத்தில் ஆற்றில் கலக்கும். மறுநாள் மாதிரி எடுக்க வருகிறவருக்குத் தெளிந்த நீர் கிடைக்கும். ஏனென்றால் நிலையம் தன் சுமையை இறக்கிவிட்டது.

ஆபரேட்டர் ஏன் எடுக்காமல் விடுகிறார் என்று அவரைக் கடிந்துகொள்வது நியாயம் இல்லை. எடுத்தால் வைக்க இடம் வேண்டும். கசட்டைப் பிழியும் இயந்திரம் பழுதாகி நிற்கிறது, கசட்டைத் திரளச் செய்யும் பாலிமர் வாங்க ஒப்புதல் வரவில்லை, லாரி வரவில்லை, உலர்த்தும் களம் மழையில் நிரம்பிவிட்டது என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். தண்ணீர்ப் பக்கத்து மோட்டார் நின்றால் உடனே தெரிந்துவிடும், பதறியடித்துச் சரிசெய்வார்கள். கசட்டுப் பக்கத்து இயந்திரம் நின்றால் இரண்டு மூன்று வாரம் எதுவும் தெரியாது. அந்த இடைவெளிதான் நிலையங்களைக் கெடுக்கிறது.

கசடு வெளியேறாமல் தேங்குவது ஒன்று. இருக்கிற கசடே படிய மறுப்பது இன்னொன்று. ஆக்சிஜன் குறைந்தாலோ, சத்துக்களின் விகிதம் கெட்டாலோ, நூல் நூலாக வளரும் இழை பாக்டீரியாக்கள் மிகுந்துவிடும். அவை ஒன்றோடொன்று சிக்கிப் பஞ்சு மாதிரி உப்பி நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் காற்றூட்டும் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைத்து, கசடு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதைத் திடப்பொருளின் எடையால் வகுத்தால், ஒரு கிராம் கசடு எத்தனை மில்லிலிட்டர் இடம் கொள்கிறது என்ற கணக்கு வரும். 100-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 150-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒரு நாளும் விடாமல் செய்யும் ஆபரேட்டர் இருக்கிற நிலையத்தை நான் நம்புவேன். கருவிகள் எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி.

இனி அளவு. ஐரோப்பிய விதிகள் ஒருவரின் ஒரு நாள் கழிவுச் சுமையை 60 கிராம் பி.ஓ.டி. என்று எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வகைக் கசடும் சேர்ந்து ஒருவருக்கு வரும் உலர் திடப்பொருளும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் நாளொன்றுக்கு 6 டன். கேட்க அதிகம் இல்லை என்று தோன்றும். ஆனால் கசடு உலர்ந்து வருவதில்லை. தொட்டியிலிருந்து வரும்போது அதில் திடப்பொருள் 2 சதவீதம்தான் என்றால் மொத்த எடை 300 டன். கெட்டிப்படுத்தி 5 சதவீதம் ஆக்கினால் 120 டன். பிழிந்து 25 சதவீதம் ஆக்கினால் 24 டன். உள்ளே இருக்கும் அழுக்கு மாறவேயில்லை, தண்ணீர் மட்டும்தான் போயிருக்கிறது. கசட்டு நிர்வாகத்தின் பெரும் பகுதி தண்ணீரைப் பிரிக்கும் போராட்டம்தான். ஒரு நிலையத்தின் நடப்புச் செலவில் பாதிவரைகூடக் கசட்டுக்கே போவது இதனால்தான்.

இந்தத் தண்ணீர் எளிதில் விடாது. ஒரு பகுதி துகள்களுக்கு இடையே இருக்கும்; அது நிற்க வைத்தாலே பிரியும். இன்னொரு பகுதி நுண்ணுயிர்களைச் சூழ்ந்த பிசினில் பிடிபட்டிருக்கும். அப்புறம் அவற்றின் செல்லுக்குள்ளேயே ஒரு பகுதி. அதனால்தான் பாலிமர் கலந்து துகள்களைத் திரளச் செய்து, பிறகு சென்ட்ரிஃப்யூஜிலோ பெல்ட் பிரஸ்ஸிலோ ஃபில்டர் பிரஸ்ஸிலோ பிழிகிறார்கள். இயந்திரம் என்னவானாலும் பாலிமரின் வகையும் அளவும் கலக்கும் விதமும் சரியாக அமையாவிட்டால் வெளியே வருவது சேறுதான்.

பிழிவதற்கு முன் பெரிய நிலையங்களில் ஒரு முக்கியமான படி உண்டு: காற்றில்லாச் செரிமானம். செரிப்பான் எனப்படும் மூடிய தொட்டியில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கசட்டை ஏறக்குறைய 20 நாள் வைத்தால் அதில் சிதையக்கூடிய கரிமப் பொருளில் பாதியளவு பயோகேஸாக மாறிவிடும். அந்த வாயுவில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். நம் ஒரு லட்சம் பேர் நகரத்தில் 6 டன் உலர் கசடு 4 டன்னுக்குக் கீழே வந்துவிடும். கிடைக்கும் வாயு நாளுக்கு ஏறக்குறைய 2,000 கன மீட்டர். அதை எஞ்சினில் எரித்தால் 4,000 யூனிட்டை ஒட்டிய மின்சாரம். நிலையத்தின் மின் செலவில் பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டுவதற்கே போகும் என்பதை நினைத்தால், இது சிறிய உதவி இல்லை. ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் தன் தேவைக்கு மேலேயே மின்சாரம் எடுத்துக் காட்டியது. வாஷிங்டனின் ப்ளூ ப்ளெய்ன்ஸ் நிலையத்தில் 2015 முதல், செரிப்பானுக்குள் விடும் முன் கசட்டை உயர் அழுத்த நீராவியில் 150 டிகிரிக்கும் மேல் வேகவைத்துத் திடீரென அழுத்தத்தை விடுவிக்கிறார்கள். செல்கள் வெடித்துச் சிதைவதால் செரிமானம் வேகமாகிறது, கிருமிகளும் ஒழிகின்றன.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். செரித்த கசட்டைப் பிழியும்போது வரும் நீரில் அம்மோனியா மிக அதிகம். லிட்டருக்கு 1,000 மி.கி. அளவுக்குக்கூட இருக்கும். அந்த நீர் மறுபடியும் நிலையத்தின் தலைப்பகுதிக்கே போகிறது. அளவில் மொத்த நீரோட்டத்தில் ஒரு சதவீதம்தான், ஆனால் நைட்ரஜன் சுமையில் 15 முதல் 20 சதவீதம் அதனாலேயே வரலாம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. பகல் ஷிப்டில் மட்டும் பிழிகிற நிலையத்தில் பகல் முழுக்க இந்தச் சுமை ஏறி, காற்றூட்டும் தொட்டி திணறும். அந்த நீரைத் தேக்கி வைத்துச் சீராக விடுவதே பாதித் தீர்வு. இன்னும் மேலே போனால், அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் அனாமாக்ஸ் பாக்டீரியாவைக் கொண்டு தனியாகச் சுத்திகரிக்கலாம். முழு அளவில் அப்படிப்பட்ட முதல் அமைப்பு 2002-இல் ராட்டர்டாமில் இயங்கத் தொடங்கியது.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு குவியல் நிற்கும். அதை எங்கே கொண்டு போவது?

நூறாண்டுக்கும் மேலாகப் பெரிய நகரங்கள் கண்ட எளிய வழி கடல். லண்டனில் 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல் போனதும், பொறியாளர் ஜோசப் பாசல்கெட் பெருங்குழாய்களை அமைத்துக் கழிவுநீரை நகரின் கீழ்ப்புறம் கொண்டுபோய் ஆற்றில் விட்டார். நகரம் தப்பியது, அழுக்கு இடம்தான் மாறியது. 1878-இல் அந்த வெளியேற்றும் இடத்துக்கு அருகே பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணக் கப்பல் மோதி மூழ்கி 600-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்கள் விழுந்தது கழிவு கலந்த நீரில். பிறகு கழிவைப் படியவைத்து, 1887 முதல் கசட்டைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அது நின்றது 1998-இல்தான். நியூயார்க் 1992-இல் நிறுத்தியது.

வயல்தான் அடுத்த வழி. இதற்கு ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கசட்டில் நைட்ரஜன், பாஸ்பரஸ், மண்ணுக்கு வேண்டிய கரிமப் பொருள் எல்லாம் இருக்கின்றன. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் தன் கசட்டை உலர்த்தி மிலோர்கனைட் என்ற பெயரில் உரமாக விற்றுவருகிறது. ஆனால் நீரிலிருந்து பிரிந்த எல்லாமே கசட்டில்தான் இருக்கிறது: குடற்புழு முட்டை, கன உலோகம், சாயம், மருந்து எச்சம் எல்லாம். கிருமியை ஒழிக்க வழி உண்டு. 70 டிகிரியில் 30 நிமிடம் வைத்தாலோ, கம்போஸ்ட் குவியலை 55 டிகிரிக்கு மேல் 15 நாள் நிறுத்தி ஐந்து முறை புரட்டினாலோ போதும் என்று அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அப்படிப் பதப்படுத்தியதன் ஒரு கிராம் உலர் கசட்டில் மலக் கோலிஃபார்ம் எனப்படும் குடல் பாக்டீரியா 1,000-க்குள் இருக்க வேண்டும். வெறுமனே வெயிலில் காயவைத்தது இந்தத் தரத்துக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உருளைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். வயலில் வேலை செய்கிறவர்களும் குழந்தைகளும்தான் அதன் விலையைக் கொடுப்பார்கள்.

உலோகம் அப்படி இல்லை. எவ்வளவு வேகவைத்தாலும் காட்மியம் காட்மியம்தான். அது சாக்கடையில் சேராமல் தடுப்பது ஒன்றே வழி. முலாம் பூசும் பட்டறை, தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை ஆகியவை தங்கள் கழிவை நகரக் குழாயில் விடும் முன்பே சுத்திகரிக்க வேண்டும். ஐரோப்பாவின் 1986-ஆம் ஆண்டு விதி, வயலில் போடும் கசட்டின் ஒரு கிலோ உலர் எடையில் காட்மியம் 20 முதல் 40 மி.கி. வரை என்று வரம்பு வைத்தது. எந்தத் தொழிற்சாலை எதை விடுகிறது என்ற பதிவே இல்லாத நகரத்தின் கசட்டை உணவுப் பயிருக்குப் போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது பி.எஃப்.ஏ.எஸ். என்ற சிதையாத ரசாயனங்கள் வேறு சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் கசட்டை நிலத்தில் போடுவதையே தடை செய்தது. முன்பு அங்கே கசடு போட்ட பண்ணைகளின் மண்ணிலும் கிணற்றிலும் இந்த ரசாயனம் ஏறியிருந்தது. சுவிட்சர்லாந்து அதற்கு வெகுமுன்பே, 2000-களில், விவசாயப் பயன்பாட்டை நிறுத்திவிட்டு எரிப்பதற்குப் போய்விட்டது.

எரித்தால் கிருமி போகும், அளவு வெகுவாகக் குறையும். ஆனால் ஈரமான கசடு தானாக எரியாது. நன்றாகப் பிழிந்தோ உலர்த்தியோ இருக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்ய அதிகச் செலவாகும். சாம்பலில் பாஸ்பரஸ் தங்கிவிடும் என்பது இதில் ஒரு நன்மை. பாஸ்பரஸ் சுரங்கப் பாறையிலிருந்து வருவது, மறுபடி விளையாதது. ஜெர்மனி 2017-இல் விதியை மாற்றி, ஒரு லட்சம் பேருக்கு மேல் சேவை செய்யும் நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்தோ சாம்பலிலிருந்தோ பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குப்பைக் கிடங்கில் கொட்டுவது இருப்பதிலேயே மோசமான வழி. மீத்தேன் கசியும், ஈரக் கசடு சரிவைக் குலைக்கும், சத்தும் வீணாகும்.

இதில் வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேங்கிய கசட்டைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமாக வெளியே வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு, என்ற அளவை நெருங்கினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இறங்குகிறவர் அங்கேயே விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், மேலே கயிற்றோடு நிற்கும் ஆள் இவை இல்லாமல் கசட்டுக் கிணற்றில் எவரையும் இறக்குவது கொலைக்குச் சமம். இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு மனிதரை இறக்கவே கூடாது.

கடைசியாக, உங்கள் நகரத்து நிலையம் ஒழுங்காக இயங்குகிறதா என்று அறிய ஒரு வழி. வெளியேறும் நீரின் ஆய்வு அறிக்கையோடு கசடு ஏற்றிச் சென்ற லாரிகளின் பதிவேட்டையும் கேளுங்கள். மேலே சொன்ன நகரத்தில் செரிப்பான் இருந்தால் 25 சதவீதத் திடப்பொருளோடு தினமும் 15 டன்னை ஒட்டியும், இல்லாவிட்டால் 24 டன்னை ஒட்டியும் கசடு வெளியேற வேண்டும். உங்கள் நகரின் மக்கள்தொகையில், குழாய் இணைப்பு உள்ள வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். ஒரு நாளை மட்டும் பார்க்காமல் மூன்று மாதக் கூட்டலைப் பாருங்கள், ஏனென்றால் தொட்டிகளில் சில வாரங்களுக்கான கசடு முன்னே பின்னே தங்கும். எடை மேடைச் சீட்டும், அன்றன்றைய திடப்பொருள் சதவீதமும், லாரி போய்ச் சேர்ந்த இடமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். வர வேண்டியதில் பாதிகூட அதில் இல்லாமல் நீர் அறிக்கை மட்டும் அருமையாக இருந்தால், அடுத்த மாதிரியை நிலைய ஆட்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், காலை ஏழு மணிக்கும் மழை பெய்யும் நேரத்திலும் எடுக்கச் சொல்லுங்கள்.